பெரிய சாவி எதிர்வீட்டு ஆச்சியிடம்

சிவமயம்

அன்பு வள்ளிக்கு,

எட்டுப் பேர் வருகிறோம், வெள்ளி காலை வந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிறோம், "நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்று எழுதியிருக்கிறாய். பார்த்துக்கொள்வீர்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் போகப்போவது ரிசார்ட் இல்லை. காரைக்குடிப் பக்கம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற நம் பூர்வீக வீடு. அதைத் திறக்க அரை நாள் ஆகும், மூட அரை நாள் ஆகும். நடுவில் மிச்சம் இருக்கிற இரண்டு நாள்தான் உங்களுக்கு. இந்தக் கணக்கை உன் சிநேகிதர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு. ஆளுக்கொரு வேலை கொடு. விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அந்த வீடு அலுத்துப்போகும்.

முதலில் பங்காளிகளிடம் சொல்ல வேண்டும். வீடு ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பத்துக்கு, பொது. நம் பங்கு வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றின கட்டில், இடப்பக்கம் இருக்கிற இரண்டு அறை மட்டும்தான். முகப்பு, பட்டாலைக் கூடம், வளவு முற்றம், அடுப்படி, கிணற்றடி எல்லாம் பொது. தேதியைக் குறிப்பிட்டு எல்லாருக்கும் ஒரு செய்தி போடு. அந்த வாரம் யாராவது முன்னோருக்குப் படைப்பு, அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று வைத்திருந்தால் தேதியை மாற்றிக்கொள்ள வேண்டியது நீதான். ஆவணி மாதம், முகூர்த்த நாள் வேறு. காரைக்குடி முழுக்க வேன் கிடைக்காது, சமையல் ஆள் கிடைக்காது. வேனுக்கு இப்போதே சொல்லி வை.

சென்னையிலிருந்து வருகிற மூன்று பேரையும் பல்லவன் ரயிலில் வரச்சொல்லாதே. அது மத்தியானத்துக்கு மேல் எழும்பூரில் கிளம்பி ராத்திரிதான் காரைக்குடி வரும். பூட்டின வீட்டை ராத்திரியில் திறக்கக்கூடாது. சாத்திரம் பார்த்துச் சொல்லவில்லை, தேள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். அவர்களும் ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் இறங்கட்டும். எட்டுப் பேரும் காரைக்குடியில் சேர்ந்து, காபி குடித்து, காய்கறி வாங்கிக்கொண்டு ஏழரை மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தால் சரியாக இருக்கும்.

பெரிய சாவி எதிர்வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது. முதலில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எல்லாரையும் அறிமுகப்படுத்திவிட்டு அப்புறம் சாவியைக் கேள். காவல்கார அண்ணனுக்கும் அக்காவுக்கும் நான் சொல்லிவிட்டேன். புதன்கிழமையே வந்து ஒட்டடை அடித்து, முற்றம் கூட்டி வைப்பார்கள்.

தலைவாசல் கதவை முழங்காலால் முட்டித் திறக்கப் பார்க்காதே. ஒற்றைத் தேக்கு, கனம் அதிகம். காற்றில் ஈரம் இருந்தால் உப்பிக்கொண்டு கீழே இழுக்கும். ஒருவர் கைப்பிடி வளையத்தைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்ள, இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். இறுகினால் எண்ணெய் விடாதே. எண்ணெயில் தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும், அடுத்த தடவை சாவியே நுழையாது. பென்சில் கரியைச் சாவிப்பல்லில் நன்றாகத் தேய்த்து உள்ளே விட்டு இரண்டு முறை திருப்பினால் இளகிவிடும். கைப்பையில் ஒரு மொத்தப் பென்சில் போட்டுக்கொள்.

திறந்ததும் எல்லாரும் திபுதிபுவென்று உள்ளே ஓட வேண்டாம். முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். அவற்றை மட்டும் முதலில் திறந்துவிட்டு முகப்பிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். காற்று ஒரு வாசல் வழியாகப் புகுந்து மறு வாசல் வழியாக வெளியேறும், வௌவால் நாற்றமும் அதோடு போய்விடும். பிறகு அறை அறையாகத் திற. பூட்டியிருந்த அறைக்குள் டார்ச் இல்லாமல் கால் வைக்காதே. சுருட்டி வைத்த பாய், ஜமுக்காளம் எதையும் உள்ளே நின்று உதறாதே. முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்து, நுனியைப் பிடித்து, உன் உடம்பிலிருந்து தள்ளி உதறு. தேள் மடிப்புக்குள்தான் இருக்கும். பின்கட்டு விறகு அடுக்கில் ஒருவரும் கை வைக்கக்கூடாது, விறகு உங்களுக்குத் தேவையும் இல்லை. மேல்மாடிச் சன்னல் விதானத்தில் தேன்கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே பார். இருந்தால் அதற்குக் கீழே புகை போடாதே, பட்டாசுப் பேச்சே வேண்டாம்.

பாம்பு கண்ணில் பட்டால் எல்லாரும் விலகி நின்று அண்ணனைக் கூப்பிடுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, கயிறு கட்டவோ கூடாது. மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், வழியில் வைத்தியர் யாரையும் தேடக்கூடாது. இதை முதல் நாளே எட்டுப் பேருக்கும் சொல்லிவிடு, பயந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது தண்ணீர். கிணற்று மோட்டார் ரொம்ப நாளாக ஓடவில்லை. நேரே சுவிட்சைப் போட்டால் பம்புக்குள் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றி, சீல் சூடாகிக் கருகும். பம்பின் தலையில் இருக்கிற மூடியைத் திருகிக் கழற்றி, வழிகிற வரைக்கும் தண்ணீர் ஊற்று. இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார். மட்டம் இறங்காமல் நின்றால் மூடியை இறுக்கிவிட்டுப் போடலாம். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தால் கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கிற புட்வால்வில் இலையோ கல்லோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு மோட்டார் கிடையாது, பிளம்பர் வருகிற வரைக்கும் இறைத்துக் குளியுங்கள். அதற்காகவே புதுக் கயிறு ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய நைலான் கயிறு வெயிலில் நைந்து போயிருக்கும், நம்பாதே. மோட்டார் ஓடினால் முதல் பத்து நிமிஷத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடு. அது துருவும் பாசியுமாக வரும். மாடித் தொட்டியை அண்ணன் கழுவியிருப்பார், நீயும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்.

கிணற்றுத் தண்ணீர் குளிக்க, துவைக்க, பாத்திரம் துலக்க மட்டும். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் ஐந்து வாங்கு. ஆவணி வெயிலுக்கு ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க ஆகும், எட்டுப் பேருக்கு மூன்று நாளில் 72 லிட்டர், மிச்சம் சமையலுக்கு. கக்கூஸ் இரண்டுதான் இருக்கிறது, இரண்டும் பின்கட்டில். காலையில் எட்டுப் பேருக்கும் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள். ஈரத் துடைப்புத் தாள், நாப்கின் எதையும் பீங்கானுக்குள் போட விடாதே. பழைய தொட்டி, அடைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை எடுக்க ஆள் வரமாட்டான்.

கரண்ட் விஷயம் முக்கியம். உன் சிநேகிதி இன்டக்‌ஷன் அடுப்பு கொண்டுவருகிறாள் என்றாயே, அது வேண்டாம். அது 2000 வாட்ஸ். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். நம் வீட்டில் இருப்பது சுவரில் அடித்த மரச்சட்டப் பட்டைக்குள் ஓடுகிற பழைய ஒயர், பீங்கான் ஃப்யூஸ் கட்டை. அதில் இருக்கிற கம்பி 5 ஆம்பியருக்கு மேல் தாங்காது, உருகிவிடும். உருகுவது நல்லதுதான், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. யாராவது கெட்டிக்காரப் பையன் நாலு இழைச் செம்புக் கம்பியை முறுக்கி அந்த இடத்தில் கட்டிவிடுவான், அதுதான் ஆபத்து. ஃப்யூஸ் போகாது, மரப்பட்டைக்குள் ஒயர் சூடேறி ரப்பர் உருகும். அதற்கு மேலே இருப்பதெல்லாம் தேக்கு விதானம். ஆகவே ஃபேன், லைட்டு, செல்போன் சார்ஜர், ஒரு மிக்ஸி, அவ்வளவுதான். முடி காயவைக்கிற மிஷின், வாட்டர் ஹீட்டர் கம்பி இரண்டையும் பையிலிருந்தே எடுக்க வேண்டாம். சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் ஒன்று போதும். எட்டுப் பேருக்கு மூன்று நாளைக்குப் பலகாரம் சுட்டாலும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்.

பிறந்தநாள் யாருக்கோ வருகிறது, அலங்காரம் செய்யப்போகிறோம் என்றாய். செய்யுங்கள். ஆனால் சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டக்கூடாது. அந்தப் பூச்சு சுண்ணாம்பை நன்றாக அரைத்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றினது. கன்னத்தை வைத்தால் குளிர்ச்சியாக, கண்ணாடி மாதிரி இருக்கும். டேப்பை உரித்தால் அந்த மேல்தோலும் சேர்ந்து வரும். அதே பூச்சை அதே நிறத்தில் ஒட்டுப்போட இன்றைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம், போட்டாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். ஊஞ்சல் வளையங்கள் நாலு பட்டாலையில் தொங்குகின்றன. கயிறு கட்டி, கயிற்றில் என்ன வேண்டுமானாலும் தொங்கவிடுங்கள். பூ வாங்கிக் கட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

தரையில் ஆத்தங்குடிக் கல். ஆசிட், கழிவறை மருந்து, எலுமிச்சை வாசனை வருகிற திரவம் எதுவும் படக்கூடாது. அது சுட்ட ஓடு இல்லை, சிமெண்டு. புளிப்பான எது பட்டாலும் சிமெண்டை அரித்து வெள்ளைத் தடம் விழும், பிறகு போகாது. எலுமிச்சைச் சாறு, தயிர், புளிக்கரைசல் சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், அதில் யாராவது விழுந்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

மொட்டைமாடிக்குப் போகலாம். கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்து போட்டோ எடுக்கக்கூடாது. அந்தக் கும்பம் மாதிரிக் குட்டித் தூண்கள் சுண்ணாம்பில் வார்த்தவை, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வெடித்திருக்கிறது. வளவைச் சுற்றின ஓட்டுக்கூரை மேல் பூனையைத் தவிர யாரும் நடக்கக்கூடாது. நாட்டு ஓட்டைச் சட்டத்தின் மேல் அடுக்கடுக்காகப் பரப்பியிருக்கிறார்கள். ஒரு கால் வைத்தால் மேலே நாலு ஓடு நகர்ந்திருப்பது தெரியாது, ஐப்பசி மழையில் கீழே சட்டம் ஊறும்போதுதான் தெரியும்.

மழை வந்தால் பயப்படாதே, அதற்காகவே அந்த வீடு கட்டியிருக்கிறது. ஆவணியில் சாயங்காலம் இடி மழை ஒன்றாவது வரும். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் வளவு முற்றத்துக்குள் கொட்டும். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் மேகம் கறுத்ததுமே ஒருவர் போய் முற்றத்து மூலையில் இருக்கிற சலதாரைக் கல்லைப் பார்க்க வேண்டும். வேப்பிலைச் சருகு நாலு சேர்ந்தால் அந்த ஓட்டை அடைபடும், அரை மணி மழையில் தண்ணீர் படியேறிப் பட்டாலைக்கு வந்துவிடும். சருகை அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, சரசரவென்று இறங்கினால் போய் உட்கார்ந்து மழை பார்க்கலாம். முதல் பத்து நிமிஷம் போனபிறகு பித்தளை அண்டாவைத் தாரைக்குக் கீழே வை. முகம் கழுவ, தலைக்கு ஊற்ற அதைப்போல் தண்ணீர் கிடையாது. தாழ்வாரத்தில் படுப்பவர்கள் முற்றத்து ஓரத்திலிருந்து மூன்றடி தள்ளிப் பாய் போடுங்கள், சாரல் அவ்வளவு தூரம் வரும். கொசுவலையைத் தூணுக்குத் தூண் கயிறு போட்டுக் கட்டு. கொசுவுக்குப் புகை போடுகிறோம் என்று கரியடுப்பைப் பூட்டின அறைக்குள் வைத்துவிடாதே, அந்தப் புகை ஆளையே கொல்லும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் கோழி வைத்துக்கொள், அதுவும் பின்கட்டு அடுப்பில். பாட்டில் சமாசாரம் வளவுக்குள் கிடையாது. அந்த முற்றத்தில்தான் கல்யாணமும் சாந்தியும் நடக்கிறது, காரியமும் நடக்கிறது. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. சாமி அறையில் விளக்கு ஏற்றினால் உன் கையால் ஏற்று.

சனிக்கிழமை காலைக்கு வெள்ளைப்பணியாரம் சுடு. எல்லாரும் அதற்காகத்தான் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அளவைக் கிராமில் கேட்காதே. டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி எடு. அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவி. வழியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் கணக்கு. எட்டுப் பேருக்கு இப்படி மூன்று டம்ளர். இரண்டையும் சேர்த்துக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவை, அதற்கு மேல் வேண்டாம். மிக்ஸி என்றால் மூன்று தவணையாக, குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரை. சூடானால் மாவு கனத்துப் பணியாரம் உப்பாது. வெண்ணெய் மாதிரி அரைபட்டதும் உப்பு, அரைக் கரண்டிச் சீனி, மூன்று கரண்டிப் பால். புளிக்க விடாமல் உடனே சுட வேண்டும். மாவு ஊற்றினால் தானே வட்டமாகப் பரவுகிற பதம். குழிவான இலுப்பைச்சட்டியில் எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் ஒரு கரண்டி ஊற்று. மேலே வந்ததும் எண்ணெயை அதன் தலையில் வாரி ஊற்று, உப்பும். திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்குள் எடு. சிவந்தால் அது வேறு பணியாரம். ஓரம் சல்லடை மாதிரி முறுகினால் மாவு நீர்த்திருக்கிறது, ஒரு கரண்டிப் பச்சரிசி மாவு சேர். பரவாமல் உருண்டையாக நின்றால் கெட்டி, பால் விடு. எண்ணெய் குடித்தால் உளுந்து கூடிவிட்டது, கல் மாதிரி இருந்தால் உளுந்து குறைந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் அந்த நேரத்தில் மருந்து இல்லை, சிரித்துக்கொண்டே சாப்பிடுங்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய், சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, கொஞ்சம் புளி அரைத்து நல்லெண்ணெயில் வதக்கின சட்னி.

கோழிக்கு, ஒன்றரைக் கிலோ. வறுக்க மல்லி மூன்று மேசைக்கரண்டி, மிளகு ஒன்றரை, சீரகம் ஒன்று, சோம்பு ஒன்று, வரமிளகாய் பத்து. பட்டை விரல் நீளத்தில் பாதி, கிராம்பு நாலு, அன்னாசிப்பூ ஒன்று, கல்பாசி இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிற அளவு. கல்பாசி வாசனை நன்றாக இருக்கிறதே என்று அள்ளிப் போட்டால் கசக்கும். மிதமான தீயில் தனித்தனியாக வறு. சோம்பும் சீரகமும் மல்லிக்கு முன்பே கருகிவிடும், அதனால்தான் தனித்தனி. சின்ன வெங்காயம் கால் கிலோவுக்குக் குறையாமல் நல்லெண்ணெயில் வதக்கி, தக்காளி மூன்று, பிறகு கோழி, பொடி, அரை மூடித் தேங்காய் அரைத்தது. கிரீம், முந்திரி, சிவப்புக் கலர் எல்லாம் ஓட்டல்காரர்கள் சேர்த்தது. சைவம் சாப்பிடுகிற பெண்ணுக்கு வெண்டைக்காய் மண்டி வை. அரிசியை இரண்டாவது தடவை களைகிற தண்ணீரில்தான் புளி கரைக்க வேண்டும், குழம்பைக் கெட்டியாக்குவது அதுதான். முதல் தடவைத் தண்ணீரில் தூசி இருக்கும். மத்தியானச் சோற்றுக்கு எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி. கவுனி அரிசி செய்ய ஆசைப்பட்டால் முதல் நாள் ராத்திரியே ஊறப்போடு. வெந்து குழைந்த பிறகுதான் சீனி. முன்னால் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், எத்தனை விசில் விட்டாலும் வேகாது.

வெளியே போவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆத்தங்குடிப் பட்டறைக்குச் சனிக்கிழமை போ, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வேலை நடக்காது. இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் தகட்டை வைத்து, அச்சு வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் கூழைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று லேசாகத் தொட்டு நிற்கும். அதன் மேல் காய்ந்த மணல் சிமெண்டுத் தூள், அதற்கு மேல் ஈரக் கலவை, கையால் அழுத்தி மட்டம். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். வெளியே எடுத்துக் கண்ணாடியை விலக்கினால் அந்தக் கண்ணாடியின் பளபளப்பு கல்லில் இறங்கியிருக்கும். கைவரிசை பார்க்க வேண்டுமானால் சாயம் ஊற்றுகிறவர் மணிக்கட்டைப் பார், கல்லைப் பார்க்காதே. நினைவுக்கு வாங்கினால் ஆளுக்கு ஒன்று. ஒரு கல்லே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும்.

கோவிலுக்கு இரணியூர் போங்கள். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் திருவிழா பத்து நாள் நடக்கும், நீங்கள் வருகிற வாரம் அதில் விழுந்தால் வண்டி நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆகும். நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் இரணியூர்ச் சிற்பம் போல இன்னொன்று இல்லை என்பது என் கட்சி. திருமயம் கோட்டைக்கு ஞாயிறு காலையில் வெயிலுக்கு முன் போய்விடு, 1687-இல் ராமநாதபுரம் ராஜா சேதுபதி கட்டினது, பாறை சூடேறினால் செருப்பில்லாமல் நிற்க முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. எனாமல் தூக்குவாளி, மரச்சாமான் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிற உன் சிநேகிதனிடம் சொல், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போக 1972-ஆம் வருஷச் சட்டம் விடாது. கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்பார்.

இவ்வளவு பெரிய வீட்டை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். பர்மா என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதே. கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, பர்மா போன நகரத்தாருக்கு அங்கே நெல் வயலுக்குக் கடன் கொடுப்பதுதான் முக்கியத் தொழில். 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் கால் பங்கு வயல் இவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பணம் மண்ணில் மாட்டிக்கொண்டது, ஊர்க்காரர்களுக்கும் கோபம். 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாட்டு அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. இங்கே தேக்குத் தூண் நின்றது, அதைத் துடைக்க ஆள் வைக்கிற வருமானம் நின்றுபோனது. பங்கு பிரியப் பிரிய, வீட்டை விற்கவும் முடியவில்லை, வைத்துக் காப்பாற்றவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வெளியே சுற்றுவது கிடையாது. பன்னிரண்டு மணியிலிருந்து வீட்டை மூடுகிற வேலை. மத்தியானச் சாப்பாட்டைக் காரைக்குடியிலிருந்து பொட்டலமாக வாங்கி வந்துவிடுங்கள், அடுப்படி மறுபடி அழுக்காக வேண்டாம். மிச்சம் மீதி ஒரு பருக்கை கூட உள்ளே இருக்கக்கூடாது. பருக்கைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். அரிசி, பருப்பு மிஞ்சினால் அக்காவிடம் கொடுத்துவிடு. பாத்திரங்களைத் துலக்கி வெயிலில் கவிழ்த்து, எண்ணி, உள்ளே வை. அண்டா இரண்டு, இலுப்பைச்சட்டி ஒன்று, எவர்சில்வர் தட்டு பன்னிரண்டு. பாய், ஜமுக்காளத்தில் ஈரம் இருந்தால் சுருட்டாதே, காயவில்லை என்றால் அக்கா வீட்டில் கொடுத்து மறுநாள் காயவைத்து உள்ளே போடச் சொல். ஈரத்தோடு சுருட்டினது அடுத்த தடவை கரும்புள்ளியோடுதான் வரும். ஜமுக்காள மடிப்பில் காய்ந்த வேப்பிலை போடு.

மாடித் தொட்டியைக் காலி செய்து குழாய்களைத் திறந்தபடி விட்டுவிட்டு, கடைசி வாளித் தண்ணீர் இறங்கினதும் மூடு. சலதாரையை இன்னொரு தடவை பார். தரையைத் துடைத்தபின் ஃபேன் போட்டுக் காயவிடு. சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடி போட்டு, பின்கட்டில் நிறுத்தி வை. மெயின் சுவிட்சை அணைத்தபிறகு ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மேடை மேல் வை. கதவுகளைப் பின்கட்டிலிருந்து முன்னுக்குச் சாத்திக்கொண்டு வா, ஒவ்வொரு சன்னலுக்கும் மேல்தாழ் கீழ்த்தாழ் இரண்டும். ஒருவர் சாத்த, பின்னால் வருகிறவர் இழுத்துப் பார்க்கட்டும்.

அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு நாளைக்கு 700 ரூபாய், மூன்று நாளைக்கு. எட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், கவரில் போட்டு நீ கொடு. பணம் அனுப்பும் ஆப்பில் போடாதே, அக்காவிடம் செல்போன் இல்லை. கரண்ட் பில் நம் புள்ளியில் சேர்த்துக்கொள்வதாக அப்பச்சி சொல்லியிருக்கிறார், மீட்டர் எண்ணை வந்த அன்றைக்கும் போகிற அன்றைக்கும் போட்டோ எடுத்து அனுப்பு.

சாவிக்கொத்தில் பதினாலு சாவி. எண்ணிப் பார்த்து எதிர்வீட்டு ஆச்சியின் கையில் கொடு. அவர்கள் தூங்குகிறார்கள் என்று திண்ணையில் வைத்துவிட்டு வராதே, எழுந்திருக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு. பஸ் ராத்திரி ஒன்பதரைக்குத்தானே.

இப்படிக்கு,
அம்மா